சமையல்கட்டு உள்ள வீடு: குழந்தைகளோடு காந்தலூரில் நான்கு நாள்

எங்கள் பெரியவளுக்கு 5 வயது, சின்னவனுக்கு ஒன்றரை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு லாட்ஜில் ரூம் போட்டால் என்ன ஆகும் என்று போன வருடம் ஏற்காட்டில் பார்த்துவிட்டோம். சின்னவனுக்குக் காலை 11 மணிக்கே பசி வந்துவிடும். ஓட்டலில் சாப்பாடு 12.30-க்குத்தான். அதுவும் வந்து சேர்வதற்குள் அவன் அழுது அழுது தூங்கியிருப்பான். இரவு 7.30-க்கு அவன் கண் மூடினால் அந்த ஒரே அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பெரியவர்கள் எல்லோரும் இருட்டில் கிசுகிசுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதனால் இந்தப் பொங்கல் லீவுக்குச் சமையல்கட்டோடு, தனித்தனி அறைகளோடு ஒரு தோட்டத்து வீடாகப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். நான், வீட்டுக்காரர், அத்தை, என் தம்பி, குழந்தைகள் இருவர். மொத்தம் ஆறு பேர்.

காந்தலூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. திருப்பூரிலிருந்து உடுமலை வழியாக ஒரே நாளில், பகல் வெளிச்சத்திலேயே போய்விடலாம். கேரளம்தான், இடுக்கி மாவட்டம்தான், ஆனால் மறையூர், காந்தலூர் பக்கமெல்லாம் தமிழ்ப் பேச்சு. அஞ்சுநாடு என்று சொல்லும் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். நடுராத்திரியில் குழந்தைக்கு ஏதாவது என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் தடுமாறாமல் பேச முடியும் என்பது எனக்குப் பெரிய தைரியம். மழை மறைவுப் பகுதி என்பதால் மூணாறு பக்கம் போல எந்நேரமும் நசநசவென்று இருக்காது, அட்டைத் தொல்லையும் குறைவு.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் போனில் கேட்டது எல்லாம் வாடகை, கட்டில் எத்தனை, அடுப்பு, பாத்திரம் உண்டா என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. அது என்னவென்று பிறகு சொல்கிறேன்.

உடுமலையிலிருந்து மறையூர் 40 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அமராவதி தாண்டி ஒன்பதாறு செக்போஸ்ட்டில் காடு ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் சின்னாறு. அங்கே பாலத்தைக் கடந்தால் கேரளம், சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். யானை நடமாடும் பாதை என்பதால் வழியில் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. வளைவுகளோ விடாமல் வருகின்றன. வாந்தி வருகிற குழந்தையை வைத்துக்கொண்டு இறங்கவே முடியாத ரோட்டில் போவது எப்படி என்று நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். உடுமலையில் சின்னவனுக்கு ஒரு பாட்டில் பால் கொடுத்ததுதான் தப்பு. இரண்டாவது ஏற்றத்திலேயே முழுப் பாலையும் என் மடியில் கக்கிவிட்டான். மாற்றுத் துணி டிக்கியில், பெட்டிக்கு அடியில். மறையூர் வரும்வரை அத்தையின் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வந்தான்.

திரும்பி வரும்போது வேறு மாதிரி செய்தோம். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இரண்டு இட்லி, அப்புறம் வாய் நனைக்கத் தண்ணீர் மட்டும். காட்டுக்குள் நுழைவதற்கு முன்பு மறையூரிலேயே இறக்கி, கால்மணி நேரம் நடக்கவிட்டு, சிறுநீர் கழிக்கவைத்து ஏற்றினோம். நான்கு பழைய துண்டும் ஒரு சட்டையும் என் காலடியிலேயே இருந்தன. ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று, இருட்டும் முன் காட்டைக் கடந்துவிட வேண்டும். செக்போஸ்ட்டில் எத்தனை மணி வரை வண்டி விடுகிறார்கள் என்பதைத் தங்கப்போகும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடமே போனில் கேட்டுவிட்டு, அதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகப் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். குழந்தைகளோடு போகும்போது எங்கேயாவது ஒரு மணி நேரம் கண்டிப்பாகத் தாமதமாகும்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை 4 மணி. மலைச்சரிவில் ஓட்டு வீடு, முன்னால் முற்றம், பின்னால் கேரட்டும் பூண்டும் போட்ட படிப்படியான பாத்திகள். பார்த்ததும் எல்லோருக்கும் மனசு நிறைந்துவிட்டது. தம்பி வண்டியைத் திருப்பி நிறுத்தப் போனான். வீட்டுக்காரர் அண்ணனிடம் சாவியும் மோட்டார் சுவிட்சும் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை சின்னவனைத் துடைத்துத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். நான் நேராகச் சமையல்கட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினேன்.

பால் பொங்குகிற நேரத்தில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். பெரியவளின் சிவப்பு ஸ்வெட்டர் தெரிந்தது. அவள் ஒரு நீலப் படுதாவின் விளிம்பில் நின்று கூழாங்கல்லைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை, ஓடினேன். பேர் சொல்லிக் கத்தவில்லை, கத்தினால் திடுக்கிட்டுத் திரும்பும்போது கால் வழுக்கிவிடும் என்று அந்த நேரத்திலும் எப்படியோ தோன்றியது. பின்னால் போய்க் கட்டிப் பிடித்துத் தூக்கினேன். "அம்மா, எத்தனை வட்டம் வருது பாரு" என்றாள்.

அந்தப் பக்கம் படுதாக் குளம் என்பார்கள். சரிவில் குழி வெட்டி, கெட்டியான ஷீட்டை விரித்து, மழைத் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் பாத்திகளுக்காகச் சேர்த்துவைப்பது. விவசாயத்துக்கு அது உயிர்நாடி. ஆனால் கரை செங்குத்து, ஷீட்டில் பாசி. "பெரியாளு விழுந்தாலே பிடிச்சு ஏற ஒண்ணும் கிடைக்காது, கயிறு போட்டுத்தான் எடுக்கணும்" என்று அண்ணனே சொன்னார். எங்கள் பின்கதவிலிருந்து அது நாற்பது எட்டுக்கூட இல்லை. வேலி இல்லை. அந்த வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்கு அதன் குணம் தெரியும், அதனால் அவருக்கு அது கண்ணில் உறுத்தவில்லை. நான் போனில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: "வீட்டைச் சுத்தி தண்ணி எங்கெங்க இருக்குங்ண்ணா?" குளம், கிணறு, தொட்டி, வாய்க்கால், ஓடை என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் பயமில்லீங்க" என்றுதான் பதில் வரும்.

அன்று இரவு குழந்தைகள் தூங்கியபின் நான்கு பேரும் உட்கார்ந்து பேசினோம். பெரியவள் என் தம்பியோடு இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். தம்பி அவள் அப்பாவோடு என்று நினைத்தான். அவர் அவள் அப்பத்தாவோடு என்று நினைத்தார். நான்கு பெரியவர்கள் இருந்தும் அந்தப் பத்து நிமிடம் பெரியவளுக்கு ஒருவர்கூட இல்லை. நம் வீட்டில் இப்படி விட்டால் அவள் எங்கே போவாள் என்று தெரியும். கேட் பூட்டியிருக்கும், எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். புது வீட்டில் அந்தக் கேட்டும் இல்லை, அக்காவும் இல்லை. யோசித்துப் பார்த்தால் சமையல்கட்டுக்காகத்தான் அந்த வீட்டை எடுத்தோம், அந்தச் சமையல்கட்டேதான் என் கண்ணைக் கட்டிவிட்டது.

அத்தைதான் வழி சொன்னார். "கொழந்தைய கைமாத்துறப்போ வாயால சொல்லோணும் அம்மிணி. பணங்காசு கைமாத்துனா எண்ணிக் குடுக்கறமல்லொ, அப்பிடி." மறுநாளிலிருந்து அதையே கடைப்பிடித்தோம். அடுப்பங்கரைக்குப் போகிறவர், குளிக்கப் போகிறவர், போன் பேச எழுந்திருப்பவர் யாரானாலும் "பெரியவ இனி உன் பொறுப்பு" என்று பேர் சொல்லிச் சொல்ல வேண்டும், எதிரில் இருப்பவர் "சரி" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். "சரி" வரவில்லை என்றால் குழந்தை இன்னும் உங்கள் கையில்தான். முதல் நாள் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, இரண்டாம் நாள் பழகிவிட்டது. இப்போது கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் செய்கிறோம்.

காலையில் அண்ணன் மூங்கில் நட்டு, பசுமை வலையைச் சுற்றிக் கட்டிக்கொடுத்தார். கேட்டவுடன் முகம் சுளிக்காமல் செய்தார், அதை நான் மறக்க மாட்டேன். பின்கதவின் கீழ்த் தாழ்ப்பாளை நம்பாமல், மேலே எட்டாத உயரத்தில் ஒரு கயிற்றுக் கொக்கி போட்டோம். குளியலறை பக்கெட்டுகளில் தண்ணீர் பிடித்துவைக்கும் பழக்கத்தையும் விட்டோம். ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தலைகுப்புற விழ ஒரு பக்கெட் போதும், சத்தம்கூட வராது.

அதன்பிறகு வீட்டுக்காரர் முட்டிபோட்டு, குழந்தையின் உயரத்தில் வீடு முழுக்க ஒரு சுற்று வந்தார். புது வீட்டில் பெட்டியைத் திறக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை அது. நின்றுகொண்டு பார்த்தால் தெரியாதது எல்லாம் தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் எலி மருந்து வைத்த தட்டு, கீழ்த்தட்டில் அரிவாள்மனை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூடியில்லாத பிளக் பாயிண்ட். அதைவிட முக்கியமான ஒன்று குளியலறையில் இருந்தது. கேஸ் கீசர், சிலிண்டரும் உள்ளேயே. குளிர் அடிக்கிறது என்று முன்பு தங்கியவர்கள் யாரோ மேலே இருந்த காற்றுத் துவாரத்தில் சாக்கைத் திணித்திருந்தார்கள். மூடிய இடத்தில் கேஸ் எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயக்கம் வந்தபின் கதவைத் திறக்கக்கூடத் தெம்பிருக்காது. உடனே சாக்கைப் பிடுங்கினோம். கதவைத் திறந்துவைத்து வெந்நீர் பிடித்து, கீசரை முழுக்க அணைத்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் குழந்தைகளை உள்ளே கூட்டிப் போவது என்று வைத்துக்கொண்டோம். கடைசி இரண்டு நாளும் அதுவும் வேண்டாம் என்று முற்றத்து விறகடுப்பிலேயே அண்டாவில் தண்ணீர் காய்ச்சினோம். இரவில் கை விறைக்கும் குளிர், அண்ணன் அன்பாகக் கரி போட்ட கனப்புச் சட்டி கொண்டுவந்தார். அதையும் அறைக்குள் விடவில்லை, திண்ணையில் வைத்துக் கைகாய்ந்துவிட்டு அங்கேயே அணைத்தோம். காரணம் அதேதான். தூங்குகிற அறைக்குக் கம்பளிதான் சரி, கனப்பு வேண்டாம்.

இப்போது சமையலுக்கு வருகிறேன். காந்தலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 95 டிகிரிக்கே கொதித்துவிடும். பார்ப்பதற்குத் தளதளவென்று கொதிக்கிறது, பருப்போ மலர வெகு நேரம் பிடிக்கும். அந்த வீட்டில் பாத்திரங்கள் இருந்தன, குக்கர் இல்லை. முதல் இரவு சின்னவனுக்காக வைத்த பருப்பு நறுக்கு நறுக்கென்று நின்றது, சோறு வெளியே குழைந்து உள்ளே அரிசியாக இருந்தது. கடைசியில் பொட்டுக்கடலை மாவைக் கரைத்துக் காய்ச்சித்தான் அவன் வயிற்றை நிரப்பினேன். மறுநாள் அண்ணன் வீட்டு அக்கா தன் குக்கரைக் கொடுத்தார், "இங்க குக்கர் இல்லாம பருப்பு ஆகாது தங்கச்சி" என்று சிரித்தார். ஒரு சிறிய மூன்று லிட்டர் குக்கர், அதன் விசில், கேஸ்கெட் மூன்றையும் பெட்டியில் வையுங்கள். ஊரில் வைப்பதைவிட இரண்டு விசில் கூட விடுங்கள்.

இட்லி மாவு விஷயத்திலும் ஒரு பாடம். அங்கே போய் அரைத்துப் புளிக்கவைக்கலாம் என்று நினைத்தால் நடக்காது, அந்தக் குளிரில் மாவு கல் மாதிரி அப்படியே இருக்கும். வீட்டிலேயே பாதி புளிக்கவைத்து, பாத்திரத்தில் பாதியளவே ஊற்றி எடுத்துப் போங்கள். சமவெளி வெயிலில் வண்டிக்குள் அது மீதியும் புளித்து எழும்பும், நிறைய ஊற்றினால் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். மேலே போய்ச் சேர்ந்தபின் ஃப்ரிட்ஜே இல்லாமல் நான்கு நாளும் கெடாமல் இருந்தது. தயிர் உறைய வேண்டுமானால் உறை ஊற்றிய கிண்ணத்தை ஹாட்பாக்ஸில் வைத்து மூடிக் கம்பளியில் சுற்றுங்கள். சின்னவன் தயிர்ச்சோறு இல்லாமல் தூங்க மாட்டான், அதனால் இந்த வேலையை நான் ராத்திரி மறக்கவே இல்லை.

சிலிண்டர் இரண்டாம் நாள் மதியம் தீர்ந்தது. இன்னொன்று இருக்கிறதா, யார் மாற்றுவார் என்று வந்தவுடன் கேட்டுவிடுங்கள். ரெகுலேட்டரை ஒவ்வொரு முறையும் மூடுங்கள், அடுப்புத் திருகு குழந்தை கைக்கு எட்டும். கேஸ் கசிந்தால் அழைக்கும் எண் 1906, அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108. மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வீட்டின் முழு முகவரியோடு சுவரில் ஒட்டினோம். பதற்றத்தில் அந்த ஊரில் எந்த முக்கில் இருக்கிறோம் என்று நமக்கே சொல்லத் தெரியாது.

இதற்கெல்லாம் மேலாக நான் சொல்ல நினைப்பது, சமையல்கட்டு இருக்கிறது என்பதற்காகச் சமைத்துக்கொண்டே இருக்காதீர்கள். வந்த மறுநாள் மூன்று வேளைக்கும் நான் அடுப்படியில்தான் நின்றேன். அப்புறம் அத்தை கொண்டுவந்திருந்த புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு மூன்றையும் எடுத்து வைத்தார். காலையில் இட்லி, மதியம் குக்கரில் ஒரே முறை சோறும் பருப்பும், ராத்திரிக்குத் தோசை. அவ்வளவுதான். வாரக்கணக்கில் திட்டமிட்ட பிரியாணியை யாரும் கேட்கவில்லை. நான் அடுப்பை விட்டு வெளியே வந்தபிறகுதான் எனக்கு லீவு ஆரம்பித்தது.

இரண்டாம் இரவு சின்னவனுக்குக் காய்ச்சல். 101 டிகிரி. ஆஸ்பத்திரி என்றால் கீழே மறையூருக்கு வர வேண்டும், 15 கிலோமீட்டர் அளவு, வளைவு ரோடு, யானையும் வரும் இடம். எங்கள் டாக்டர் அவன் எடைக்கு எழுதிக்கொடுத்த அளவில் பாரசிட்டமால் சிரப் இருந்தது, கொடுத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்துக்கொண்டே இருந்தேன். போனில் சிக்னல் முற்றத்து மாமரத்தடியில் மட்டும்தான் எடுத்தது. அதுவும் தம்பியின் போனில், எங்கள் இரண்டு போனிலும் இல்லை. தம்பி அங்கிருந்தே டாக்டரிடம் பேசினான். அண்ணன் வந்து, "ஜீப் ரெடியா இருக்கு, எந்நேரம்னாலும் ஒரு குரல் குடுங்க. நீங்களா வண்டிய எடுத்துட்டு கிளம்பிறாதீங்க, ரோடு எங்களுக்குத்தான் பழக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனார். 3 மணிக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அந்த ராத்திரியை நான் எப்படிக் கடந்திருப்பேன் என்று தெரியவில்லை. இனி எங்கே போனாலும் முதல் நாள் பகலிலேயே கேட்பேன்: ராத்திரி ஆஸ்பத்திரி போகணும்னா யார் வண்டி, யார் ஓட்டுவார்? தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், எடைக்குரிய மருந்தளவு எழுதிய சீட்டு மூன்றும் டிக்கியில் அல்ல, கைப்பையில்.

மூணாறு, ராஜமலை எல்லாம் பட்டியலில் இருந்தன. காய்ச்சலோடு எல்லாவற்றையும் விட்டோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. மூன்றாம் நாள் அக்கா பெரியவளைக் கேரட் பாத்திக்குக் கூட்டிப்போய், இலையைக் கொத்தாகப் பிடித்து இழுக்கச் சொன்னார். மண்ணோடு ஒரு கேரட் பொளக்கென்று வந்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அன்று முழுக்க அந்தக் கேரட்டைக் கழுவுவதும் மறுபடி மண்ணில் நட்டுவைப்பதுமாக இருந்தாள். காய்கறியைத் தட்டின் ஓரத்தில் தள்ளிவைக்கிற பிள்ளை, தான் பிடுங்கியதைப் பச்சையாகவே தின்றாள்.

நான்காம் நாள் காலை மறையூரில் ஒரு வெல்ல ஆலைக்குப் போனோம். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரும்பை ஆட்டிய சக்கையையே எரித்து, அகலமான கொப்பரையில் பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் கையாலேயே உருண்டை பிடிக்கிறார்கள். ஆலைக்காரர் ஒரு சின்ன உருண்டையைப் பெரியவள் உள்ளங்கையில் வைத்தார், இளஞ்சூடாக. உள்ளே போகும்போது குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், நடக்கவிடாதீர்கள். பாகு தரைமட்டத்தை ஒட்டிக் கொதிக்கிறது, ஆட்டும் எந்திரம் திறந்தபடி ஓடுகிறது. அதன்பின் முனியறைகளைப் பார்த்தோம், பெருங்கற்காலத்துக் கல்லறைகள், வெட்டவெளிப் பாறைமேல் நான்கு பலகைக்கல் நிறுத்தி மேலே ஒரு கல் மூடியது. "இது யாரு வீடு?" என்று கேட்டாள். தாத்தாவுக்கெல்லாம் தாத்தா வீடு என்றார் அத்தை.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. டயப்பரை அங்கே எறியவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். குப்பை வண்டி வராத இடம், பன்றி இழுத்துப் பரப்பிவிடும். கட்டிவைத்துத் திரும்பக் கொண்டுவந்தோம். துணி காய இரண்டு நாள் ஆகும், அதனால் குழந்தைக்கு நீங்கள் நினைப்பதைவிட இரண்டு செட் கூடுதல். செருப்பு, ஷூவைக் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள். வீட்டிலிருந்து சின்னவனின் பழைய போர்வையைக் கொண்டுபோனது நல்லதாயிற்று, புது அறையில் அந்த வாசனைக்குத்தான் தூங்கினான். 6 மணிக்கு மேல் முற்றம் தாண்டக் கூடாது என்று அண்ணன் சொன்னதை அப்படியே கேட்டோம். ஒரு ராத்திரி பூண்டுப் பாத்தியில் எதுவோ மிதித்து நடந்த சத்தம் கேட்டது, காலையில் தடத்தைக் காட்டினார். காட்டுமாடு.

மே மாதம் அதே வீட்டுக்குப் போகிறோம். போன வாரம் போன் செய்தபோது நான் கேட்கும் முன்பே அண்ணன் சொன்னார்: "வலைய எடுத்துட்டு கம்பி வேலியே போட்டாச்சும்மா. படலுக்குக் கொக்கி மேல வெச்சிருக்கேன். உங்களுக்குப் பின்னாடி வந்த பாலக்காட்டுக் குடும்பத்துலயும் ரெண்டு சின்னப் பசங்க." குக்கர் வாங்கிவைக்கட்டுமா என்று கேட்டார். நாங்களே கொண்டுவருகிறோம் என்றேன். பெரியவள் பக்கத்திலிருந்து போனைப் பிடுங்கி, கேரட் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.